தோற்ற மீன் எங்கே ஓடும்?

கடலில் இரண்டு மீன்கள் மோதிக்கொண்டால் அந்த மோதலுக்கு ஒரு முடிவு உண்டு. வென்றது தன் பாறையை வைத்துக்கொள்ளும், தோற்றது ஓடிவிடும். பத்துப் பாகத் தூரம் ஓடினால் போதும். அங்கே வேறொரு பாறையும் வேறொரு பொந்தும் இருக்கும். வென்ற மீனும் அதற்குமேல் துரத்துவதில்லை. துரத்திப் பெறத்தக்க இலாபம் அதற்கு ஒன்றுமில்லை. படைத்தவன் கடலை இவ்வளவு விசாலமாகப் படைத்ததில் இந்தச் சிற்றுயிர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கண்ணாடித் தொட்டியில் அப்படியன்று. ஆறடி ஓடினால் சுவர். திரும்பி ஆறடி ஓடினால் மீண்டும் சுவர். தோற்ற மீன், வென்ற மீனின் கண்ணெதிரிலேயே இரவும் பகலும் கிடந்தாக வேண்டும். அது மூலையில் ஒதுங்கும், இரைக்கு வரத் தயங்கும், துடுப்புகள் கிழியும், நிறம் மங்கும், ஒரு நாள் காலையில் மிதக்கும். "ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் அவை இரண்டையும் ஒரே தொட்டியில் சேர்த்தவர் யார்? அவை தாமாக வந்து குடியேறவில்லையே!

எனவே, உப்புநீர்த் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீனைச் சேர்ப்பது என்பதை வெறும் பொழுதுபோக்காக நாம் கருதவில்லை. அது ஒரு பொறுப்பு. நம் குடும்பத்தில் அண்மையில் இந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. அதைப் பற்றிப் பேசியதும் தேடியதும் தேர்ந்ததும் பிறருக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறோம்.

நாம் இப்போது வசிப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் பெருவழியில், ஒரகடம் சாலை பிரியும் இடத்தில் இருக்கும் ஊர் இது. குன்றைக் குடைந்து அமைத்த பழைய நரசிம்மர் கோவிலால் ஊருக்குப் பெயர் வந்தது. ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த சுற்றுப்புறம், இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் பிறக்கும் தொழிற்சாலைகளின் வட்டாரமாகிவிட்டது. அதிகாலையிலும் பிற்பகலிலும் நள்ளிரவிலும் முறை மாறும் தொழிலாளரைச் சுமந்த பேருந்துகள் சந்திப்பில் வரிசை கட்டும். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் இங்கே அடுத்தடுத்த கதவுகளுக்குள் வாழ்கிறார்கள். எல்லாம் இருக்கிறது; கடல் மட்டும் இல்லை.

நம் தங்கை மகன் அப்படி வந்தவர்களில் ஒருவன். கீழக்கரையில் பிறந்தவன், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை. அப்பா தீவும் தலையாரித் தீவும் இருக்கும் திசையை மணலில் நின்று விரல் நீட்டிக் காட்டிய தலைமுறையின் பேரன் அவன். முத்துக் குளித்த காலத்துக் கதைகள் அவன் காதில் விழுந்தவை. ஆனால் அவன் பிள்ளைகளுக்கு மீன் என்றால் சந்தையில் பனிக்கட்டியின் மேல் கிடக்கும் மீன்தான்.

பெரியவளுக்கு ஒன்பது வயது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வி.ஜி.பி. மரைன் கிங்டம் காட்சியகத்துக்கு அவளை ஒரு விடுமுறையில் அழைத்துச் சென்றார்கள். தலைக்கு மேலே மீன் நீந்தும் கண்ணாடிக் குகையிலிருந்து அவள் வெளியே வர மறுத்துவிட்டாளாம். சென்னைக்கு இந்த ஆசை புதிதன்று. மெரினாக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே ஒரு கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது. மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வீடு திரும்பிய மகள், "வாப்பா, நம் வீட்டில் ஒரு கடல் வைக்கலாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லக் கீழக்கரையானால் முடியவில்லை.

அவன் நம்மிடம் வந்தான். "மாமா, சிறிய தொட்டியில் இரண்டு கோமாளி மீனை விட்டுவிட்டு உட்கார எனக்கு மனமில்லை. பெரிய தொட்டி வேண்டும். நம்மூர்ப் பாரில் திரியும் மீன்கள் வேண்டும். சிங்கமீன், கிளாத்தி, ஓரா… இவை எல்லாம் ஒன்றாக இருக்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். நாம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். படித்துச் சொல்வது பழகிய தொழில். ஏற்றுக்கொண்டோம்.

முதலில் தொட்டியின் கணக்கு. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் ஏறக்குறைய 680 லிட்டர் நீர் கொள்ளும். நீர் மட்டுமே 700 கிலோ. கண்ணாடியும் பாறையும் தாங்கு மேசையும் சேர்ந்தால் ஒரு டன்னைத் தொடும். ஆகவே தரைத்தளத்தில்தான் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அப்படியானால் ஒரு முறை நிரப்பவே 24 கிலோ உப்பு வேண்டும். அதுவும் சமையல் உப்பு அன்று. கடல்நீரின் பல தாதுக்களும் சேர்ந்த தனி உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீர் உதவாது, வடிகட்டிய ஆர்.ஓ. நீர் வேண்டும். வெப்பம் 25 முதல் 27 பாகைக்குள் நிற்க வேண்டும். செங்கல்பட்டு வட்டாரத்தின் அக்கினி நட்சத்திர வெயிலில் குளிர்விக்கும் கருவியின்றி அது நடவாது. மின்சாரம் நின்றால் நீரோட்டம் நிற்கக் கூடாது. அதற்கு ஓர் இன்வெர்ட்டர்.

இவ்வளவும் மீன் வாங்குவதற்கு முன்பே! நீர் நிரப்பிய மறுநாளே மீனை விடுவதும் ஆகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கும்; அது நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் வெறும் தண்ணீரையும் பாறையையும் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் பொறுமையிழந்தார்கள். நமக்கோ அது நல்ல அவகாசமாக அமைந்தது. பட்டியல் போடத் தொடங்கினோம்.

கடல்மீன் வளர்ப்போர் மீன்களை மூவகையாகப் பிரிக்கிறார்கள்: சாதுவானவை, முரடானவை, இரண்டுக்கும் இடைப்பட்டவை. இந்த இடைப்பட்ட வகைதான் மிகவும் சிக்கலானது. சாது மீன் என்றைக்கும் சாது. முரட்டு மீனைத் தனியே வைத்துவிடலாம். இடைப்பட்டதோ, சிலரோடு நட்பு, சிலரோடு பகை. இளமையில் ஒரு குணம், வளர்ந்தபின் ஒரு குணம். பசிக்கும்போது ஒன்று, பசி தீர்ந்தால் வேறொன்று. மனிதரைப் போல என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? அதைப் பற்றிப் பிறகு சொல்வோம்.

படித்ததிலிருந்து முதல் விதியாக நாம் எழுதி வைத்தது, வாயைப் பார் என்பது. ஒரு மீனின் வாய்க்குள் எது அடங்குமோ அது அதற்குத் துணையன்று, இரை. சிங்கமீனை எடுத்துக்கொள்வோம். சிவப்பும் வெள்ளையுமான வரிகளோடு, விரித்த விசிறிகளைப் போன்ற துடுப்புகளோடு, அது அசைவதே தெரியாமல் மிதக்கும். யாரையும் விரட்டாது; யாரோடும் சண்டையிடாது. இரவில் எண்ணிப் பார்த்தால் ஒரு சிறு மீன் குறைந்திருக்கும்! அதன்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கடலில் அதன் பிழைப்பே அதுதான். அதன் 18 முட்களிலும் நஞ்சு உண்டு. தொட்டிக்குள் கைவிடுவோர் அதனை மறக்கலாகாது. குத்திவிட்டால் தாங்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதை ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டி வைத்தோம். சிங்கப்பெருமாள் கோவிலில் சிங்கமீன் இல்லாமலா என்று பக்கத்து வீட்டு நண்பர் சிரித்தார். அவருடைய வாக்கும் சிங்கமீனுக்கே.

இரண்டாவது விதி, சாயலைப் பார் என்பது. மீன் தன்னைப் போன்றதையே மிகுதியாகப் பகைக்கும். ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே இரை. எனவே ஒரே இடத்துக்குப் போட்டி. சர்ஜன் மீன் என்று ஒரு குடும்பம் உண்டு. வாலின் அடியில் இரு பக்கமும் கத்தி போன்ற முள். அறுவை மருத்துவரின் கத்தியை நினைத்து அப்பெயர் இட்டார்கள். இவ்வகையில் இரண்டை ஒன்றாக விட்டால் அந்தக் கத்தி வெளிப்படும். ஆனால் அதே சர்ஜன் மீன் சிங்கமீனைக் கண்டுகொள்வதே இல்லை. ஒன்று பாசி தின்பது. மற்றொன்று ஊன் தின்பது. போட்டி ஏது? ஆகவே வகைக்கு ஒன்றுதான் என்று வரையறுத்தோம். கூட்டமாக வாழ்ந்து பழகிய மீனுக்கு மட்டும் விதிவிலக்கு.

மூன்றாவது விதி, இன்றைய அளவைப் பாராதே, நாளைய அளவைப் பார் என்பது. கடையில் மஞ்சளும் கறுப்புமாக, கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு களவாக் குஞ்சைக் காட்டுவார்கள். வண்டு போல அழகாக இருக்கும். அது பெருங்களவாவின் குஞ்சு. முழுதாக வளர்ந்தால் எட்டடிக்கு மேல், நானூறு கிலோ! ஆறடித் தொட்டியில் எட்டடி மீன்! மேலும் அது 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்ட இனம். கடற்குதிரையும் அதே ஆண்டில் சேர்க்கப்பட்டது. இவற்றை வீட்டில் வைப்பதைப் பற்றி எண்ணவே வேண்டாம்.

இந்த மூன்றாவது விதியால்தான் நம் வீட்டில் ஒரு மனவருத்தம் உண்டாயிற்று. ஏஞ்சல் என்ற மீன் குடும்பத்தில் ஒன்றுக்குக் 'குர்ஆன் ஏஞ்சல்' என்று உலகமெங்கும் பெயர். இளமையில் அதன் கருநீல உடலில் வெள்ளையும் நீலமுமாக வளைகோடுகள் இருக்கும்; வால் பக்கத்தில் அவை நெளிந்து கலந்து அரபு எழுத்தைப் போலத் தோன்றும். அதனால் வந்த பெயர். நமது மன்னார் வளைகுடாவிலும் இருக்கும் மீன் இது. கைப்பேசியில் அதன் படத்தைப் பார்த்த நம் தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. "காக்கா, வேறு எந்த மீனை வேண்டுமானாலும் விட்டுவிடுங்கள், இந்த மீன் மட்டும் நம் வீட்டில் இருக்க வேண்டும், பரக்கத்தாக இருக்கும்" என்றாள்.

அவளுக்கு மறுமொழி சொல்வது எளிதாக இருக்கவில்லை. மகனோ வாயைத் திறக்கவில்லை. நாமே சொன்னோம்: "இந்த மீன் வளர்ந்தால் ஓரடிக்கு மேல், ஏறத்தாழ நாற்பது சென்டிமீட்டர் ஆகும். கடலில் ஒரு பெரிய பாறைப்பரப்பையே தன்னுடையதாகக் காத்துத் திரியும் மீன். அதன் இரையில் பெரும்பங்கு கடற்பஞ்சு. ஆறடிப் பெட்டியில் அதற்கு வாழ்நாள் முழுவதும் சிறை. வளர வளர அந்தக் கோடுகளும் இப்போது இருப்பது போல இரா, நிறமே மாறிவிடும். எழுத்து போனபின் மீனை என்ன செய்வது? இடமில்லாமல் பிற மீன்களை அது குத்தத் தொடங்கினால், பரக்கத்துக்காக வாங்கியதல்லவா வீட்டில் சண்டைக்குக் காரணமாகும்? அல்லாஹ்வின் அத்தாட்சி அதன் வாலில் மட்டுமா இருக்கிறது? ஒன்றுமே எழுதாத ஓராவின் வாலிலும் இருக்கத்தானே செய்கிறது!"

தங்கை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சரி காக்கா, அது கடலிலேயே ஓதிக்கொண்டிருக்கட்டும்" என்றாள். இந்தக் கட்டுரை முழுவதிலும் நாம் சொல்ல முயல்வதை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

நான்காவது விதி, வரிசையைப் பார் என்பது. முதலில் வந்தவன் வீட்டுக்காரன். பின்னால் வந்தவன் வாடகைக்காரன் என்ற எண்ணம் மீனுக்கும் உண்டு. ஆகவே சாதுவை முதலில் விட வேண்டும். முரடனைக் கடைசியில் விட வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பாறைகளைச் சற்று இடம் மாற்றி அடுக்கினால், பழைய எல்லைகள் அழிந்து எல்லாருமே புதியவர்கள் ஆகிவிடுவார்கள். எந்த மீனையும் மூன்று, நான்கு வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். வெண்புள்ளி நோய் ஒரு மீனோடு வந்தாலும் தொட்டி முழுவதையும் பற்றும். அந்தத் தனித்தொட்டியை நாம் ஒருபோதும் கலைக்கவில்லை. அதற்கு வேறொரு பயனும் பின்னால் வந்தது.

முடிவில் பட்டியல் இப்படி அமைந்தது. முதலில் சிப்பாய் மீன்கள் மூன்று. பெரிய கண்களும் சிவந்த உடலும் கொண்டவை, பகலில் பொந்திலும் இரவில் வெளியிலும் கூட்டமாக வாழ்பவை, சிங்கமீனின் வாய்க்கு அடங்காத பருமன். அடுத்து ஓரா ஒன்று. பாசி தின்று வாழும் சாது. முதுகு முள்ளில் நஞ்சு இருப்பதால் அதனைச் சீண்டுவார் இல்லை. குழம்பில் கண்ட மீனைக் கண்ணாடியில் காண்பதா என்று ஊரிலிருந்து வந்த உறவினர் கேலி செய்தார்கள். ஆனால் அதன் நிதானத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு சிங்கமீன் ஒன்று. அதன்பின் பாய் விரித்தது போன்ற துடுப்புடைய சர்ஜன் மீன் ஒன்று. பச்சையும் நீலமுமாய், இளம்பிறை வடிவான வாலோடு ஓயாமல் சுற்றித் திரியும் பிறைவால் மீன் ஒன்று. தங்கைக்கு இந்தப் பிறை ஓரளவு ஆறுதல். கடைசியாகக் கிளாத்தி ஒன்று.

கிளாத்தியைப் பற்றித்தான் நெடுநேரம் விவாதம் நடந்தது. கிளாத்தியிலும் பல தரம் உண்டு. ஆரஞ்சு வரிகள் ஓடும் ஒரு வகை, தொட்டியில் எவரையும் வாழ விடாது என்று வளர்ப்போர் அனைவரும் சொல்கிறார்கள். அதை முதலிலேயே நீக்கினோம். பிக்காசோ என்ற ஓவியரின் பெயரால் வழங்கும் வகை அவ்வளவு கொடியதன்று. ஆயினும் கிளாத்திக்கு ஆட்டுக்குட்டியின் துறுதுறுப்பும் எலியின் பல்லும் உண்டு. சிங்கமீனின் நீண்ட துடுப்பு அதற்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். ஒவ்வொரு மீனுக்கும் குணம் வேறு. மருமகன் சிறு வயதில் தூண்டிலில் பிடித்து விளையாடிய மீன் கிளாத்தி. அவனுக்கு அதன்மேல் ஒரு பிடிப்பு. "கடைசியில் விடுவோம், தனித்தொட்டி ஆயத்தமாக இருக்கட்டும், துடுப்பில் ஒரு கடி விழுந்தாலும் அன்றைக்கே பிரித்துவிடுவோம்" என்று உடன்பாடு செய்துகொண்டுதான் அதை விட்டோம்.

நான்கு மாதங்கள் ஒரு குறையுமில்லை. கிளாத்திக்கு ஓட்டோடு இறால் போட்டோம். வளர்ந்துகொண்டே இருக்கும் அதன் பற்கள் தேய அது வேண்டும். ஓராவுக்கும் சர்ஜனுக்கும் கடற்பாசியை ஒரு முனையில் கட்டிவிட்டு, ஊன் தின்பவற்றுக்கு மறுமுனையில் இரையிட்டோம். பசி அடங்கினால் பாதிச் சண்டை அடங்கும். சிங்கமீன் உயிரில்லாத இறாலை ஏற்கப் பதினைந்து நாள் பிடிவாதம் செய்தது. குச்சியின் நுனியில் வைத்து அசைத்து அசைத்து மருமகன் அதைப் பழக்கினான். இரவு முறை முடிந்து விடியற்காலையில் திரும்புவான். சுப்ஹு தொழுதுவிட்டு, உறங்கப் போகுமுன் அந்தக் கண்ணாடியின் முன் கால் மணி நேரம் அமர்வான். நாள் முழுவதும் இயந்திர ஓசையில் நின்ற மனிதனுக்கு அந்த ஓசையற்ற கால் மணி நேரம் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அருகிருந்து பார்த்தோம்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், சிங்கமீனின் விசிறியில் அரை வட்டமாக ஒரு வெட்டு. முதலில் கண்டவள் மகள்தான். அன்று மாலையே மற்றொன்று. உடன்பாட்டின்படி கிளாத்தியைத் தனித்தொட்டிக்கு மாற்றினான் மருமகன். சிறிய தொட்டியில் அது கற்களை வாயால் புரட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கப் பொறுக்காத சிறுமி, "வாப்பா, கோவளத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாமே" என்றாள். கேட்பதற்கு இதைவிட நியாயமான யோசனை இல்லை. ஆனாலும் செய்யத்தகாத செயல் அது. தொட்டியில் வாழ்ந்த மீன் எந்த நோயைச் சுமந்துகொண்டு போகும் என்று சொல்ல முடியாது. எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதும் தெளிவில்லை.

அவளுக்குச் சிங்கமீனின் கதையையே சொன்னோம். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் கடலிலும் வாழ வேண்டிய சிங்கமீன், 1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃப்ளோரிடாக் கரையோரம் காணப்பட்டது. யாரோ தொட்டியிலிருந்து விட்டவையே பெருகின என்று ஆய்வாளர் பலரும் கருதுகிறார்கள். இங்கே அதனை அடக்கும் பகை உண்டு, அங்கே இல்லை. இன்று கரீபியன் கடலெங்கும் அது பரவி, அந்நாட்டுச் சிறு மீன்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. இரக்கத்தோடு விட்டாலும் இடமறியாது விட்டால் அது இரக்கமாகாது. சிறுமி சற்று யோசித்து, "அப்படியானால் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும், இல்லையா?" என்றாள். கிளாத்திகளை மட்டும் தனித்தனியே வளர்க்கும் ஒருவர் சென்னையில் இருப்பதை மருமகன் தேடிக் கண்டுபிடித்தான். அவரிடம் அது இப்போது நலமாக இருக்கிறது. சிங்கமீனின் துடுப்பும் வளர்ந்து மூடிவிட்டது.

வாங்குவதற்கு முன் யோசிக்க மற்றொரு காரணமும் உண்டு. வீட்டுத் தொட்டிகளுக்கு வரும் கடல்மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை அல்ல, பவளப்பாரிலிருந்து பிடித்தவை. பிலிப்பைன்ஸ் கடற்பகுதியில் 1960களில் தொடங்கிச் சயனைடு நஞ்சைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள். மீனோடு பவளமும் மாண்டது. நம் பக்கமோ, இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியதன் விளைவாக அத்தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. கடல் சூடேறி 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் வெளிறின. அந்தப் பாரில் எஞ்சியிருப்பவற்றிலிருந்து ஒரு மீன் நம் கூடத்துக்கு வருகிறது என்றால், அது விலை கொடுத்து வாங்கிய சரக்கு மட்டுமன்று, அமானிதம். பூங்கா எல்லைக்குள்ளிருந்து பிடித்ததை வாங்குவதில்லை, எங்கிருந்து வந்தது என்று சொல்லாத கடையில் வாங்குவதில்லை என்ற இரண்டையும் மருமகன் உறுதியாகக் கொண்டான்.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் முதலியவற்றைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டிருக்கின்றன. புதிதாகத் தொடங்கும் குடும்பங்கள் அத்தகைய வளர்ப்பு மீன்களோடு, சாது மீன்களோடு தொடங்குவதே நன்று என்போம். பெரிய தொட்டியும் இடைப்பட்ட குணமுள்ள மீன்களும் பொறுமையுள்ளவர்களுக்கே.

மனிதரைப் போல என்று முன்னே சொன்னோம். இந்த ஊரின் தெருக்களைப் பார்க்கும்போது அந்த எண்ணம் வராமல் இராது. பல மாநிலத்தவர், பல மொழியினர், பல மார்க்கத்தவர் ஒரே சந்தில், ஒரே குழாயடியில். ஆனால் ஒப்புமையை அதற்குமேல் நீட்ட நாம் விரும்பவில்லை. மீனுக்குத் தன் இயல்பை மாற்றும் ஆற்றல் இல்லை. தன்னைப் போன்றதைப் பகைப்பதும், வாய்க்கு அடங்குவதை விழுங்குவதும் அதன் குற்றமன்று. மனிதன் அப்படியன்று, அவனால் கற்க முடியும், பொறுக்க முடியும், வழிவிட முடியும். ஆகவே இன்னாரும் இன்னாரும் சேர்ந்து வாழ முடியாது என்று மீன் தொட்டியைக் காட்டி எவரேனும் சொன்னால் அதை ஏற்காதீர்கள். தொட்டி மனிதனுக்குக் கற்பிக்கும் பாடம் வேறு: பிற உயிர்களின் இருப்பிடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒருவன் கைக்கு வந்துவிட்டால், அவற்றின் சண்டைக்கும் அவனே பொறுப்பாளி.

தோற்ற மீன் எங்கே ஓடும் என்ற கேள்விக்கு விடை வைத்திருப்பவர் வாங்கட்டும். ஆறடித் தொட்டியும் 24 கிலோ உப்பும் பணத்தால் வரும். ஒதுக்கிவைக்க ஒரு தனித்தொட்டியும், வேண்டாமென்று சொல்ல ஒரு மனமும், கடலிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடும் பெருந்தன்மையும் அதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும்.